உத்தரவை மேலிருந்தும் தீர்ப்பைக் கீழிருந்தும் படியுங்கள்

கேள்வி: மூன்றாண்டு சட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இளநிலைப் பட்டம் தமிழ் வழியில் முடித்தவன். நிர்வாகச் சட்டம் தாளுக்காக, அரசு முடிவில் நீதிமன்றம் எப்போது தலையிடலாம் என்று சொல்லும் வெட்னஸ்பரி கோட்பாடு, இயற்கை நீதி, இங்கிலாந்து நீதிபதி டிப்ளாக் பிரபுவின் மூன்று காரணங்கள் எல்லாம் மனப்பாடமாக இருக்கின்றன. இதற்கிடையில் எங்கள் வீட்டிலேயே ஒரு பிரச்சினை. இறந்துபோன என் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வைத்திருந்த கூட்டுப் பட்டாவில் அப்பா பெயரை நீக்கி, பெரியப்பா பெயருக்கு மட்டும் மாற்றி வட்டாட்சியர் உத்தரவு போட்டிருக்கிறார். அம்மாவுக்கோ எனக்கோ நோட்டீஸ் வரவில்லை. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். படித்ததில் எது இதில் எங்கே பொருந்துகிறது என்று சொல்லத் தெரியவில்லை. இதை ரத்து செய்யக் கேட்டு நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா? இந்தப் பாடத்தை எப்படித்தான் படிப்பது? ஆங்கிலம் சரளமாக வராதவனுக்கு இந்தத் துறையில் இடம் இருக்கிறதா?

பதில்: தம்பி, உத்தரவின் நகலையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். அதனால் உங்கள் கேள்விகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல் அந்தத் தாளை வைத்தே பேசுகிறேன். நிர்வாகச் சட்டத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியும், ஒரு வட்டாட்சியரின் செயல்முறை ஆணையைக் கண்ணால் பார்க்காமலே கல்லூரியை விட்டு வெளியே வருகிறவர்கள் நிறையப் பேர். பாடப்புத்தகத்தில் கோட்பாடு இருக்கும், வழக்கின் பெயர் இருக்கும். எதிர்த்து வழக்குப் போடப்பட்ட அந்த உத்தரவு மட்டும் இருக்காது. உங்களுக்குப் பொருத்திப் பார்க்கத் தெரியாமல் போனது அதனால்தான்.

நம் மாநில அரசு அலுவலக உத்தரவுகளுக்கு ஒரு மாறாத அமைப்பு உண்டு. மேலே ‘செயல்முறைகள்’ என்ற தலைப்பு, யார் முன்னிலை என்ற வரி, ந.க. எண் என்ற கோப்பு எண், தேதி. அடுத்து ‘பொருள்’. அதற்குக் கீழே ‘பார்வை’. பிறகுதான் ஆணை. சாதாரணமாக எல்லோரும் நேராகக் கடைசிப் பத்திக்குத் தாவிவிடுவார்கள். ரிட் பக்கம் வேலை செய்கிறவர்கள் முதலில் நிற்கும் இடம் பார்வை. அதிகாரி எந்தெந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு முடிவெடுத்தார் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட பட்டியல் அது. அதில் இருப்பதும் முக்கியம், இல்லாதது அதைவிட முக்கியம். நீங்கள் கொடுத்த ஆட்சேபனை மனு பார்வையில் இல்லை என்றால், பொருத்தமான ஒன்றை அதிகாரி கணக்கில் எடுக்கவில்லை என்று வாதிடலாம். மேலதிகாரியின் வாய்மொழி அறிவுரையோ, அமைச்சர் அலுவலகக் கடிதமோ பார்வையில் இருந்தால், சட்டம் யாரிடம் அதிகாரத்தைக் கொடுத்ததோ அவர் தன் மூளையைப் பயன்படுத்தினாரா என்ற கேள்வி எழும்.

உங்கள் உத்தரவில் பார்வை மூன்று வரிதான். பெரியப்பாவின் மனு, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, வருவாய் ஆய்வாளரின் அறிக்கை. உங்கள் அம்மாவுக்கு அனுப்பிய அறிவிப்பு என்று ஒரு வரி இல்லை, விசாரணை நாள் இல்லை, வாக்குமூலம் இல்லை. மறுதரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று நீங்கள் மனப்பாடம் செய்த இயற்கை நீதிக் கோட்பாடு இந்த மூன்று வரிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து ஆணைப் பத்தி. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எதுவும் இல்லை. ‘வாய்மொழிப் பாகப்பிரிவினையின்படி மனுதாரரின் அனுபவத்தில் உள்ளதாக அறிக்கை வரப்பெற்றதால்’ என்பதுதான் மொத்தக் காரணமும். அறிக்கை சரியா, அனுபவம் எத்தனை காலம், பாகப்பிரிவினைக்கு யார் சாட்சி, ஒன்றும் இல்லை. காரணம் கூறாத ஆணை என்று நீதிமன்றத்தில் சொல்வது இந்த மாதிரி ஆணையைத்தான்.

இவ்வளவுதானா என்றால், இல்லை. உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான வாதம் பாடப்புத்தகத்தில் இருக்கவே இருக்காது. அது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்திலும் அதன் விதிகளிலும் இருக்கிறது. பதிவுகளை மாற்றும் முன் சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதற்கு இயற்கை நீதியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வாரிசுரிமை சம்பந்தப்பட்ட தகராறு எழுந்து, எல்லாத் தரப்பும் எழுத்துமூலம் ஒத்துக்கொள்ளாவிட்டால், பதிவை மாற்றும் முன் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் முடிவு வாங்கி வரும்படி வட்டாட்சியர் அவர்களை அனுப்ப வேண்டும். உங்கள் அப்பா இறந்திருக்கிறார், அம்மாவும் நீங்களும் வாரிசுகள், வாய்மொழிப் பாகப்பிரிவினை நடந்ததா இல்லையா என்பதே சண்டை. அப்படியென்றால் கேட்காமல் முடிவெடுத்தது மட்டுமல்ல, கேட்டிருந்தாலும் அவர் எடுக்கக் கூடாத முடிவை எடுத்திருக்கிறார். டிப்ளாக் பிரபு முதல் காரணமாகச் சொன்ன சட்டமீறல் இதுதான். அவர் பெயரைச் சொல்லாமலே உங்கள் வாதம் நிற்கும்.

படிப்புக்கான முதல் ஆலோசனையும் இதிலேயே வந்துவிட்டது. நிர்வாகச் சட்டம் என்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. எந்த உத்தரவைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒரு குறிப்பான சட்டம் இருக்கும். ஆக்கிரமிப்பு அகற்றம் என்றால் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதில் அகற்றும் முன் 7-ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அரசு ஊழியர் மீது நடவடிக்கை என்றால் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள். அதில் சிறு தண்டனைக்கான 17(அ) குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கும் பெரிய தண்டனைக்கான 17(ஆ) குறிப்பாணைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் பணியாளர் வழக்கில் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. முதலில் அந்தச் சட்டம், அப்புறம் அதன் விதிகள், அதன் பிறகுதான் கோட்பாடு. கல்லூரியில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

இப்போது தீர்ப்புகளுக்கு வருவோம். நீங்கள் மனப்பாடம் செய்திருக்கும் வழக்குகளில் யார் ஜெயித்தார்கள் என்று யோசித்ததுண்டா?

வெட்னஸ்பரியை எடுங்கள். இங்கிலாந்தில் அன்று ஸ்டாஃபோர்ட்ஷையரில் இருந்த அந்தச் சிறு நகரத்தின் மன்றம், ஞாயிற்றுக்கிழமை சினிமா காட்ட அனுமதி கொடுத்தது. ஆனால் 15 வயதுக்குக் குறைந்தவர்களை, பெரியவர்கள் கூட வந்தாலும் உள்ளே விடக் கூடாது என்று நிபந்தனை போட்டது. திரையரங்கு நிறுவனம் அதை எதிர்த்துப் போனது. நியாயமான எந்த அமைப்பும் எடுக்க முடியாத முடிவாக இருந்தால்தான் நீதிமன்றம் தலையிடும் என்று கிரீன் பிரபு 1947-இல் சொன்னார். இது அப்படிப்பட்ட முடிவு அல்ல என்று அப்பீலைத் தள்ளுபடியும் செய்தார். திரையரங்கு தோற்றது. டிப்ளாக்கின் மூன்று காரணங்கள் வந்த 1984-ஆம் ஆண்டு வழக்கில், பிரிட்டிஷ் உளவுத் தகவல் மையத்தின் ஊழியர்களைக் கலந்து பேசாமலே தொழிற்சங்க உரிமையைப் பறித்தது தாட்சர் அரசு. தேசப் பாதுகாப்பு என்ற ஒரே பதிலில் சங்கங்கள் தோற்றன.

நம் ஊருக்கு வாருங்கள். சமத்துவமும் தன்னிச்சையும் பரம எதிரிகள் என்று நீதிபதி பகவதி எழுதிய வரியைத் தேர்வில் எழுதாத மாணவர் இருக்க முடியாது. அந்த வழக்கின் மனுதாரர் நம் மாநிலத்தின் தலைமைச் செயலாளராக இருந்த ஈ.பி. ராயப்பா. 1972-இல் அவரை மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவராக மாற்றி, அடுத்து ஒரு தனி அலுவலர் பதவிக்கும் மாற்றினார்கள். தீய நோக்கத்தோடு செய்தது என்று அன்றைய முதலமைச்சர் மீதே குற்றம் சாட்டி நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1973 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. தீய நோக்கம் என்று சொல்வது சுலபம், நிரூபிக்கும் சுமை மிகப் பெரியது என்றும் சொன்னது. நாடு முழுக்க ஐம்பது ஆண்டுகளாக அரசுக்கு எதிராக மேற்கோள் காட்டப்படும் அந்த வரி, அரசு ஜெயித்த வழக்கில் எழுதப்பட்டது.

மொகிந்தர் சிங் கில் வழக்கும் இப்படித்தான். 1977 மக்களவைத் தேர்தலில் பஞ்சாபின் பெரோஸ்பூர் தொகுதி. வாக்கு எண்ணிக்கையின் கடைசிக் கட்டத்தில் கலவரம். தேர்தல் ஆணையம் தொகுதி முழுவதற்கும் மறுவாக்குப்பதிவு என்றது. ஓர் உத்தரவை அதில் எழுதியிருக்கும் காரணங்களை வைத்தே மதிப்பிட வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்க முடியாது என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர். உத்தரவு பழைய மது அல்ல, நாளாக ஆகத் தரம் கூடுவதற்கு என்பது அவர் பாணி. அரசுத் தரப்பு கவுண்டர் (பதில் பிரமாணப் பத்திரம்) தாக்கல் செய்யும்போதெல்லாம் நாங்கள் தூக்கிக் காட்டும் வரி அது. ஆனால் வழக்குப் போட்ட வேட்பாளர் கில்லுக்கு என்ன கிடைத்தது? தேர்தல் மனுவாகப் போட்டுக்கொள்ளுங்கள், ரிட் நிற்காது என்று அப்பீல் தள்ளுபடி. 1978-இல் மேனகா காந்தி வழக்கில்கூட பாஸ்போர்ட் முடக்கத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. மனு கொடுத்தால் உடனே பரிசீலிக்கிறோம் என்று அட்டர்னி ஜெனரல் கொடுத்த உறுதியை ஏற்றுக்கொண்டு வழக்கை முடித்தது.

இதை உங்களைச் சோர்வடையச் செய்யச் சொல்லவில்லை. ஒரு நீதிமன்றம் பெரிய கொள்கையை அறிவிப்பது ஒரு வேலை, மனுதாரர் கையில் ஏதாவது கொடுப்பது வேறு வேலை. இரண்டாவதைச் செய்யாதபோது முதலாவதைத் தாராளமாகச் செய்வது நீதிபதிகளுக்கு எளிது என்பது என் சொந்த அபிப்பிராயம்; உங்கள் பேராசிரியர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எப்படியிருந்தாலும் ஒரு தீர்ப்பை எடுத்ததும் கடைசிப் பத்திக்குப் போங்கள். மனு அனுமதிக்கப்பட்டதா, தள்ளுபடியா, திருப்பி அனுப்பப்பட்டதா என்று பாருங்கள். அப்புறம் முன்னால் வந்து உண்மை விவரங்களைப் படியுங்கள். எதிர்க்கப்பட்ட உத்தரவு எந்தத் தேதி, யார் போட்டது, என்ன காரணம் சொன்னது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள புகழ்பெற்ற பத்திகள் கடைசியில்.

ஜெயித்த வழக்குகளையும் இதே கண்ணால் பாருங்கள். 1969-இல் தீர்ப்பான கிரைபாக் வழக்கில், இந்திய வனப் பணிக்கு ஜம்மு காஷ்மீர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலர் ஓர் உறுப்பினர். அவரே ஒரு வேட்பாளரும்கூட. தன் பெயர் வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். பட்டியலில் முதலிடம் அவருக்கு. தேர்வு ரத்தானது, ஆனால் அதனால் வழக்குப் போட்ட கிரைபாக்குக்கு வேலை கிடைத்துவிடவில்லை. மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் ஆனது. 1951-இல் முடிந்த பம்பாய் போலீஸ் கமிஷனர் வழக்கு ஒன்று. அந்தேரியில் சினிமா கொட்டகை கட்டக் கொடுத்த அனுமதியை அரசு சொன்னதால் கமிஷனர் ரத்து செய்திருந்தார். விதிப்படி அதிகாரம் கமிஷனருடையது, அவர்தான் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதாவது, திரும்பப் போய் முடிவெடுங்கள் என்பதுதான். நீதிச் சீராய்வில், அதாவது அரசு முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில், வெற்றி என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். அதிகாரியின் நாற்காலியில் நீதிபதி உட்கார மாட்டார்.

சரி, நீங்கள் ரிட் போடலாமா? அதிகாரம் என்று பார்த்தால் போடலாம். மாற்று வழி இருந்தாலும், இயற்கை நீதி மீறப்பட்டாலோ அதிகார வரம்பே இல்லாவிட்டாலோ ரிட் மனுவை உயர் நீதிமன்றம் ஏற்கலாம் என்று 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டுமே உங்களிடம் இருக்கின்றன. ஆனால் ஏற்கலாம் என்பதுதான், ஏற்க வேண்டும் என்பதல்ல. பட்டா வழக்கு அட்மிஷனுக்கு (ஏற்பதா என்ற முதல் விசாரணைக்கு) வந்தால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு இருக்கிறதே, ஏன் போகவில்லை என்பது. அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. நிறைய மனுக்கள் மேல்முறையீடு செய்ய அனுமதித்து, இத்தனை வாரத்தில் முடிக்க வேண்டும் என்ற உத்தரவோடு முடிந்துவிடும். செலவு செய்து உயர் நீதிமன்றம் போய், வீட்டுக்கு அருகில் உள்ள கோட்டாட்சியர் அலுவலகத்துக்கே திரும்பி வருவீர்கள்.

என் ஆலோசனை: மேல்முறையீட்டை உடனே போடுங்கள். காலக்கெடு தாண்டியிருந்தால், நோட்டீஸே வராததால் உத்தரவைப் பற்றித் தெரிந்த தேதி இது என்று எழுதித் தாமத மன்னிப்பும் கேளுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு அந்தக் கோப்பு முழுவதையும், குறிப்புப் பக்கங்கள் உட்பட, கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கும் மேல்முறையீடு உண்டு. அறிவிப்பு உரியவரிடம் சேர்க்கப்பட்டதா (சார்வு செய்யப்பட்டதா) என்பது கோப்பில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, பட்டாவைவிட அவசரமானது. பட்டா நில உரிமையைத் தீர்மானிக்காது. உரிமைச் சண்டை உரிமையியல் நீதிமன்றத்தில்தான் முடியும். ஆனால் தனிப் பட்டாவைக் காட்டிப் பெரியப்பா விற்றுவிட்டால் சண்டையில் மூன்றாவது ஆள் வந்துவிடுவார். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அம்மா பெயரில் பாகப்பிரிவினை வழக்குப் போடுவது பற்றி உள்ளூரில் நல்ல சிவில் வழக்கறிஞர் ஒருவரிடம் தாமதிக்காமல் பேசுங்கள். நிர்வாகச் சட்டம் படிக்கிறோம் என்பதற்காக எல்லாத் தகராறையும் ரிட்டுக்குள் அடைக்கப் பார்ப்பது இந்த வயதில் வரும் ஆசை.

காலம் பற்றியும் ஒரு சொல். ரிட்டுக்குக் குறிப்பிட்ட கெடு இல்லை என்று படித்திருப்பீர்கள். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. நம் மாநிலத்திலிருந்து போன சி. ஜேக்கப் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகவே சொன்னது. வேலை போய்ப் பல வருடம் கழித்து ஒரு மனு கொடுப்பது, அதைப் பரிசீலிக்க உத்தரவு வாங்குவது, நிராகரித்ததும் அந்த நிராகரிப்பை எதிர்த்துப் புது வழக்குப் போடுவது என்ற வழி செத்துப்போன கோரிக்கைக்கு உயிர் கொடுக்காது என்று.

ஆனாலும் ரிட்டின் அருமையை நீங்கள் தெரிந்துகொள்ள ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். தேர்வில் கேட்க மாட்டார்கள். பர்லாகிமிடி ஜமீன் அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் பகுதியில் இருந்தது. அங்கே நில வாரம் (குத்தகை) உயர்த்தப்பட்டதை எதிர்த்துக் குடியானவர்கள் வருவாய் வாரியத்தின் உத்தரவை ரத்து செய்யக் கேட்டு வந்தார்கள். வாரியத்தின் அலுவலகம் சென்னை நகரத்திலேயே இருந்தது. ஆனால் நிலமும் குடியானவர்களும் நகரத்துக்கு வெளியே. எனவே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அந்த ரிட் அதிகாரம் இல்லை என்று 1943-இல் பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) முடித்துவிட்டது. கிராமத்தான் ஒருவன் வருவாய் அதிகாரியை உயர் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்பது 1950-இல் அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவு வந்த பிறகுதான். 2004-இல் மதுரை அமர்வு வந்ததும் தென் மாவட்டத்துக்காரர்கள் அதற்குச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய அவசியமும் போனது.

படிப்புக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். என்னிடம் ஜூனியராக வருகிறவர்களுக்கு முதலில் கொடுப்பது இதைத்தான். உங்கள் வட்டாட்சியரின் உத்தரவை நீங்களே வட்டாட்சியராக இருந்து மறுபடி எழுதுங்கள். பெரியப்பாவின் கோரிக்கை, உங்கள் அம்மாவின் ஆட்சேபனை, விசாரணை நாள், இரண்டு பக்கத்து ஆவணங்கள், எந்தப் பிரிவின் கீழ் எந்த அதிகாரம், ஏன் இந்த முடிவு, எங்கே மேல்முறையீடு. எந்த நீதிமன்றமும் கை வைக்க முடியாத உத்தரவாக அது இருக்க வேண்டும். எழுதிப் பார்த்தால் இரண்டு விஷயம் புரியும். ஒன்று, அதிகாரியின் கஷ்டம்: நூற்றுக்கணக்கான மனுக்களுக்கு நடுவே இவ்வளவும் செய்ய வேண்டும். இரண்டாவது, முறையாக எழுதினாலும் உங்களுக்குப் பாதகமான உத்தரவு ஒன்றை எழுத முடியும் என்பது. அந்த இரண்டாவது புரிந்துவிட்டால் நீதிச் சீராய்வுக்கும் மேல்முறையீட்டுக்கும் உள்ள வித்தியாசம் தேர்வுத்தாளில் தானாக வரும்.

ஆங்கிலம் பற்றிய கடைசிக் கேள்வி. அரசியல் சாசனத்தின் 348-ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். மனு, வாதம், தீர்ப்பு எல்லாம் அதில்தான். எனவே ஆங்கிலத்தைத் தவிர்க்க வழியில்லை, ஆனால் உங்களுக்குத் தேவைப்படும் ஆங்கிலம் குறுகியது. ரிட் மனுவின் வடிவம் ஏறக்குறைய மாறாதது. நல்ல பிரமாணப் பத்திரங்களைத் தேடிப் படித்துக் கையால் எழுதிப் பார்த்தால் ஓராண்டில் பிடிபடும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல இப்போது அதன் இணையதளத்தில் தமிழ் மொழிபெயர்ப்பிலும் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்; தமிழை மட்டும் படித்து நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு பக்கம், நம் மாநிலத்தில் அரசு முடிவுகள் பிறப்பது தமிழில். சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, கோப்பின் குறிப்புப் பக்கம், பஞ்சநாமா, விசாரணை வாக்குமூலம் எல்லாம் தமிழ். ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்த பல இளம் வழக்கறிஞர்கள் இந்தக் காகிதங்களின் முன்னால் திணறுவார்கள். மொழிபெயர்ப்பாளர் கொடுத்ததை அப்படியே டைப்ட் செட்டில் (மனுவோடு தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பில்) சேர்த்துவிட்டு, தேதி முரண்பாடு எங்கே என்று நீதிபதி கேட்கும்போது முழிப்பார்கள். ஒரு கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையைப் படித்தவுடன், இது களத்துக்குப் போய் எழுதியதா உட்கார்ந்த இடத்தில் எழுதியதா என்று சொல்லத் தெரிந்த ஆளை ரிட் பக்கத்து சீனியர் யாரும் விட மாட்டார். விடுமுறையில் அப்படி ஓர் அலுவலகத்தில் போய் உட்காருங்கள். ஆனால் அதற்கு முன்னால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. இந்த வாரத்துக்குள், விரைவுத் தபாலில், ஒப்புகையோடு.